மூன்று பேருக்கு எவ்வளவு அரிசி

கல்யாணமான மறுநாள் காலையில் அடையாறு வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு என் கணவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, மூன்று பேருக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்பதுதான். அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பி, நான் விளையாடுகிறேனா என்று பார்த்தார். பிறகு, "அளவெல்லாம் எனக்குத் தெரியாது. அவகிட்ட கேளு" என்று கூடத்தைக் காட்டினார்.

கூடத்தில் அவருடைய மகள் பள்ளிக்கூடப் பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினோரு வயது. அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷமும் அப்பாவும் பெண்ணுமாக அந்த வீட்டை ஓட்டியிருந்தார்கள். ஓட்டியது பெரும்பாலும் பெண்தான் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது.

"அந்தச் சின்ன டம்ளர்ல ரெண்டு. மூணு தடவை களையணும். உலை கொதிச்சப்பறம் போடணும்" என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. அதுவரை ஒரு பிடி அரிசியைக்கூட நான் களைந்ததில்லை. ஆறு வயதில் அம்மா போனதும் அப்பா என்னை விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளியில் விட்டார். பாலம் கட்டும் கம்பெனியில் வேலை அவருக்கு. ஊர் ஊராகப் போவார். முதலில் லீவுக்கெல்லாம் வந்து அழைத்துப் போனார். பிறகு வருவது குறைந்தது. நான் பத்தாவது படிக்கும்போது அவரும் இறந்துவிட்டார். பள்ளி விடுதிக்குப் பின் கல்லூரி விடுதி, கல்லூரி முடிந்ததும் தி. நகரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி. தேனாம்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் ஸ்டெனோ வேலை. ஆக, இருபத்தைந்து வருஷம் மணி அடித்தால் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவள் நான். சோறு எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், அலுவலகத்தில் என்னைவிட மூத்த ஒரு பெண்மணி இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை தரமணியில் ஒரு கல்வி நிறுவனத்தின் நூலகத்தில் வேலை பார்க்கிறார், சாது, ஒரே பெண் குழந்தை என்றார். மயிலாப்பூரில் ஒரு சின்னக் கோயிலில் பத்துப் பேர் முன்னிலையில் கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் புதுப் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு, ஒரு தூணில் சாய்ந்து நின்று, வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். போன பிறகுதான் ஒன்றுமே தெரியாது என்பது புரிந்தது. பாலைக் காய்ச்சினால் எப்போது அடுப்பை அணைப்பது? மீந்த குழம்பை என்ன செய்வது? வீட்டுக்கு ஒருவர் வந்தால் தண்ணீர் கொடுத்த பிறகு உட்காரலாமா, நின்றுகொண்டே பேச வேண்டுமா? குழந்தை பசிக்கவில்லை என்று சொன்னால் விட்டுவிடுவதா, கட்டாயப்படுத்துவதா? விடுதியில் இவற்றுக்கெல்லாம் சுவரில் ஒட்டிய விதி இருக்கும். இங்கே விதியும் இல்லை, வார்டனும் இல்லை.

தள்ளுவண்டியில் காய்கறி கொண்டுவரும் அம்மாளிடம் மூன்று பேருக்கு வெண்டைக்காய் எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். அவள் தராசைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாமா, நீ சமைச்சதே இல்லியா? இவ்ளோ நாளு இன்னா பண்ணிகினு இருந்தே?"

கால் கிலோ போதும் என்று அவளே நிறுத்துப் போட்டாள். முனையை உடைத்துப் பார்த்து வாங்க வேண்டும் என்றும் காட்டிக் கொடுத்தாள். கூச்சமாக இருந்தாலும் அவளிடம் கேட்பது எனக்கு எளிதாக இருந்தது. கேட்டதும் மறந்துவிடுவாள். வீட்டுக்குள் கேட்பதுதான் கஷ்டம்.

கணவரிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: அவளைக் கேள். அவளைக் கேட்டால் சுருக்கமாகச் சொல்வாள். முதல் மாதம் சரியாகத்தான் சொன்னாள். அப்பாவின் வெள்ளைச் சட்டையை மற்றத் துணியோடு ஊறப்போடக் கூடாது. எண்ணெய்த் தூக்கு ஜன்னல் பக்கம் இருக்கக் கூடாது. பூஜை அலமாரியில் தீப்பெட்டி வலது பக்கம். நான் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். அவள் சொல்லி முடித்ததும் சட்டென்று வேறு அறைக்குப் போய்விடுவாள். என்னை எந்தப் பெயரிட்டும் கூப்பிட மாட்டாள். பேச வேண்டியிருந்தால் நான் திரும்பும்வரை காத்திருப்பாள்.

என்னால் அந்த வீட்டில் நிலையாக உட்கார முடியவில்லை. சாப்பாட்டைப் பத்து நிமிஷத்தில் முடித்துத் தட்டைக் கழுவிவிடுவேன். அவர்கள் இருவரும் அப்போதுதான் ரசத்துக்கு வந்திருப்பார்கள். அரை வாளித் தண்ணீரில் குளித்து, யாரோ வெளியே வரிசையில் நிற்பதுபோல அவசரமாக வெளியே வருவேன். என் துணிகள் விடுதியிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியிலேயே இருந்தன. பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்திருந்தார். மற்றத் தட்டுகளில் முதல் மனைவியின் புடவைகள் இருந்தன. நடுவில் என் நாலு புடவையை வைக்க எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் ரொம்ப மோசம். சமையல் முடிந்து, துணி துவைத்து முடித்து, மூன்று பேரும் ஒரே கூடத்தில் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் ஆட்கள் சும்மா இருக்கும்போது என்ன செய்வார்கள்? அதை யாரிடம் கேட்பது? கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி தி. நகர் போவேன். பழைய விடுதி இருக்கும் தெருமுனைவரை நடப்பேன். மொட்டை மாடியில் யார் யார் துணியோ காயும். உள்ளே போக மாட்டேன். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் இடிபட்டுவிட்டு, எதையாவது வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன். வீட்டுக்கு வேண்டாத பொருள்கள் நிறையச் சேர்ந்தன. மூன்று வடிகட்டி இருந்தன எங்களிடம்.

ஆடி மாதம் வாக்கில் அவள் தப்பாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

ரசத்தில் வெந்தயம் எவ்வளவு என்று கேட்டேன். அப்பாவுக்கு வெந்தய வாசனை ரொம்பப் பிடிக்கும், ரெண்டு ஸ்பூன் வறுத்துப் பொடி பண்ணிப் போடுங்கள் என்றாள். போட்டேன். கணவர் ஒரு வாய் சாப்பிட்டார், நிறுத்தினார், பிறகு சோற்றைப் பிசைந்து முழுவதும் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ரசம் என்றால் விடுதி ரசம்தான் தெரியும். அது வெறும் புளித்தண்ணீர். இது இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் அதே ரசம். ஒரு நாள் அலுவலகத்தில் என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துச் சாப்பிட்ட தோழி, ஏதாவது உடம்புக்கு மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. விடுதியில் புதிதாக வருகிறவளுக்கு முதல் மாதம் தப்பான தகவல்தான் கொடுப்போம். குளிக்கிற மணி, விசிட்டர் நேரம், எல்லாமே தப்பாக. நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். வெந்தயத்தை நானாகவே குறைத்தேன். அன்றைக்கு அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டு என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவள் சொன்ன எல்லாவற்றையும் திரும்பிப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

அந்த வீட்டில் சோற்றை வடித்துத்தான் சாப்பிடுவார்கள். வடிகஞ்சியை என்ன செய்வது என்று ஆடியிலேயே கேட்டிருந்தேன். "கொல்லைல செடிக்கு ஊத்தணும். சூடு ஆறுறதுக்குள்ள ஊத்தணும், ஆறினா எறும்பு வரும்" என்று சொல்லியிருந்தாள். கொல்லை என்றால் சமையலறைக்குப் பின்னால் ஒரு துண்டு மண்தரை. ஒரு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை, கொல்லைப்படியை ஒட்டி இடுப்புயரத்துக்குப் பூவில்லாத ஒரு செடி. செடிகளுக்கு மாலையில் தண்ணீர் விடும் வேலையைக் கணவர் செய்துகொண்டிருந்தார். ஏதாவது எனக்கென்று இருக்கட்டும் என்று அதையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் கொல்லைப்பக்கம் வருவதே இல்லை. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. தினமும் காலையில் அவள் பள்ளிக்குப் போன பிறகு, ஆவி பறக்கும் கஞ்சிப் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி, கைக்கு எட்டிய முதல் செடியில் ஊற்றிவிட்டு அலுவலகத்துக்கு ஓடுவேன்.

ஆவணி முடிவதற்குள் அந்தச் செடி இலையெல்லாம் பழுத்துத் தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு குடம் ஊற்றினேன். ஒரு வியாழக்கிழமை எனக்கு அலுவலகம் கிடையாது. காலையில் கஞ்சியைக் கொண்டுபோய் ஊற்றும்போது மேலேயிருந்து குரல் வந்தது. மாடியில் குடியிருந்த மாமி, துணி உலர்த்த வந்தவர், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கொதிக்கக் கொதிக்க ஊத்தறியே, வேர் வெந்து போயிடாதோ? எங்காத்துல நன்னா ஆற வெச்சு, தண்ணி கலந்துண்டுன்னா விடுவோம்? யார் சொன்னா உனக்கு?"

நானாகத்தான் ஊற்றினேன் என்றேன். மாமி கொஞ்ச நேரம் அந்தச் செடியையே பார்த்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். அது டிசம்பர் பூச்செடியாம். மார்கழி வந்தால் ஊதாப் பூவாகப் பூத்துக் கொட்டுமாம். வைத்தது இவருடைய முதல் மனைவி. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த நாளில்கூட வீட்டுக்குள் நுழைந்ததும் இதைத்தான் வந்து பார்ப்பாராம். அந்தக் கடைசி மார்கழியில் பெண்ணின் இரட்டைப் பின்னலுக்குத் தினமும் இதிலிருந்துதான் பூ.

மாமி உள்ளே போன பிறகு நான் குச்சியால் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். வேர் கறுத்து, கையோடு வந்தது. தோலை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை இல்லை. அன்றைக்கு முழுவதும் சமையலறைக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். பிடுங்கி எறிந்துவிட்டு வேறு செடி வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். எங்கே கிடைக்கும் என்றும் தெரியாது. யாரிடம் கேட்டாலும் கடைசியில் அவள் காதுக்குப் போகும். அவள் பொய் சொன்னாள் என்று அவள் அப்பாவிடம் சொன்னால் நான் தப்பித்துக்கொள்ளலாம். சொன்னால் அவளுக்கு என்ன ஆகும்? அம்மாவின் செடியைக் கொன்றது அவள் என்று ஆகும். எது என்ன செடி என்று கேட்காமல் ஊற்றியது நான். இரண்டு நாள் அதை மறைத்துக் கொடியில் பெரிய போர்வைகளாக உலர்த்திப் போட்டேன். அலுவலகத்தில் டிக்டேஷனில் மூன்று வரி விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் திடீரென்று மழை பிடித்தது. நான் குளியலறையில் இருந்தேன். துணி நனையப்போகிறதே என்று அவளே ஓடிப்போய்ப் போர்வைகளை எடுத்திருக்கிறாள். நான் வெளியே வந்தபோது போர்வைகள் கூடத்து நாற்காலியில் கிடந்தன. கொல்லைக் கதவு திறந்திருந்தது. வாசல் கேட்டும் திறந்திருந்தது.

கணவர் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தார். கால் மணி நேரம் பார்த்தேன். ஈரத் தலையோடு கிளம்பினேன். தெருக்கோடிக் கடையில் கேட்டேன், அவள் தோழி வீட்டில் கேட்டேன். அந்த அம்மா, என்ன நடந்தது, திட்டினீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். மழை விட்டுவிட்டது. ஒரு பதினோரு வயதுப் பெண் கோபித்துக்கொண்டு போனால் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தால் எங்கே போவேன் என்று யோசித்தேன். பஸ் நிலையத்துக்குப் போனேன்.

அடையாறு பஸ் நிலையத்தில், சிமென்ட் பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, பஸ்கள் வந்து திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாடை நனைந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். அவள் எழுந்து ஓடவில்லை.

"சூடா ஊத்தச் சொன்னேன்ல, அது பொய்" என்றாள்.

"தெரியும்."

"அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

பப்பாளிக்குத்தான் நான் ஊற்றுவேன் என்று நினைத்தாளாம். அது பெரிசு, அதுக்கு ஒன்றும் ஆகாது, எறும்புக் கதை சொன்னால் நான் கையைச் சுட்டுக்கொள்வேன், அவ்வளவுதான் என்று நினைத்தாளாம். நான் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்ததை அவள் மறைக்காமல் சொன்னாள். எது என்ன செடி என்று நான் கேட்டிருக்க வேண்டும் என்றேன்.

"கேக்காதீங்க" என்றாள். "நீங்க ஒவ்வொண்ணா கேக்கறப்போ, அம்மா எப்படிச் செய்வாங்கன்னு நான் நினைச்சுப் பாத்துத்தான் சொல்லணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை நினைக்கறது?"

எனக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. தீப்பெட்டி, வெள்ளைச் சட்டை, எண்ணெய்த் தூக்கு. நான் அளவு கேட்கிறேன், இடம் கேட்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவளை அந்தச் சமையலறையில் அம்மா நின்ற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். இனிமேல் கேட்க மாட்டேன் என்று சொன்னேன்.

"கேக்காம எப்படிச் செய்வீங்க? உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இரண்டு பஸ்கள் போயின. பிறகு அவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"ஹாஸ்டல்ல அழுதா யார் வருவாங்க?"

அதுவரை அவள் என்னிடம் கேள்வி என்று ஒன்றும் கேட்டதில்லை. பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"யாரும் வர மாட்டாங்க. பக்கத்துக் கட்டில்ல இருக்கறவ தூங்கற மாதிரியே இருப்பா. காலைல டிபனுக்குப் போறப்போ, அவ தட்டுல இருக்கற வாழைப்பழத்தை எடுத்து நம்ம தட்டுல வெச்சிடுவா. ஒண்ணும் பேச மாட்டா."

"நீங்க வெச்சிருக்கீங்களா?"

"நிறைய."

அவள் அதை யோசித்தாள். நேரமாகிறது, வீட்டுக்குப் போகலாமா என்று நான்தான் கேட்டேன். எழுந்து முன்னால் நடந்தாள். கூடவே நடக்கலாமா, பின்னால் வர வேண்டுமா என்று தெரியாமல் ஓரடி தள்ளியே நான் நடந்தேன்.

சாயங்காலம் கணவர் வந்ததும் அவளே கொல்லைக்கு அழைத்துப் போய்க் காட்டினாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்தவர் கூடத்தில் உட்கார்ந்து வெகுநேரம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். வேறு ஏதாவது பேச வேண்டுமே என்று, ரசம் கசந்தது அவருக்குத் தெரியாதா, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தெரியும். ரெண்டு பேரும் ஏதோ பேசிக்கறீங்களேன்னு பேசாம சாப்பிட்டேன்" என்றார்.

எனக்கு அவர்மேல் முதல்முதலாகக் கோபம் வந்தது அன்றைக்குத்தான். மூன்று வாரம் கசப்பை விழுங்குவதற்குப் பதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று அப்போதே தெரிந்திருக்கும். அதைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். எல்லாவற்றுக்கும் அவளைக் கேள் என்றால் அவள் என்ன செய்வாள், அவள் குழந்தை, இனிமேல் எனக்குத் தெரியாததை நீங்கள் தேடிச் சொல்லுங்கள் என்றேன். அவள் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்த வீட்டில் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

மறுநாளிலிருந்து அவர் காலையில் சமையலறைக்கு வந்தார். அவருக்கும் ஒன்றும் தெரியாது. சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு என்று மாடி மாமியிடம் போய் வெட்கப்பட்டுக் கேட்டுவந்தார். மாமி ஒரு டப்பாவில் அளந்தே கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் எல்லாமே உப்புக் கரித்தது. அந்தப் பெண் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் இருவரையும் பார்ப்பாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்துவந்து, "தள்ளுங்க" என்று சொல்லித் தாளித்துவிட்டுப் போனாள். நாங்கள் கேட்காமலே செய்தாள்.

அந்தச் செடி துளிர்க்கவில்லை. மார்கழியில் நாங்கள் மயிலாப்பூர் மாட வீதிக்குப் போனபோது கூடையில் டிசம்பர் பூவைப் பார்த்துவிட்டு அவள் நின்றாள். இரண்டு முழம் வாங்கினேன். ஒன்றை அம்மாவின் படத்துக்குப் போட்டாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போராடினாள்; பின்னலில் நிற்கவில்லை. நான் போய் ஹேர்பின்னால் குத்திவிட்டேன். விடுதியில் எத்தனையோ தலைக்குச் செய்தது. அவள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று கண்ணாடியிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கிளம்பிப்போவது உடனே நிற்கவில்லை. சில வாரம் அவளும் வருகிறேன் என்று பஸ் ஏறினாள். நான் ஏன் போகிறேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

அடுத்த கோடையில் வீட்டுச் சொந்தக்காரர் அந்த வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டப்போவதாகச் சொன்னார். மாமி மகனோடு பெங்களூர் போனார். நாங்கள் மயிலாப்பூரில் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுக்கு மாறினோம். பீரோவைக் காலி செய்த அன்று அவள் அம்மாவின் புடவைகளில் நாலைத் தனக்கென்று எடுத்துவைத்தாள். மிச்சத்தை என்ன செய்வது என்று மூவரும் தரையில் உட்கார்ந்து பேசினோம். முடிவுக்கு வராமலே அவற்றையும் கட்டிக்கொண்டு போனோம்.

புது வீட்டில் முதல் நாள் எந்த சுவிட்ச் எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் ஒவ்வொன்றாகப் போட்டு, "இது எதுக்கு?" என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லையே என்றேன். பால்கனி விளக்கு எரிகிறதா பாருங்கள் என்று என்னை அனுப்பினாள். நான் போய்ப் பார்த்து, இல்லை என்று கத்தினேன். அடுத்ததைப் போட்டாள்.